சொல்லும் சரக்கும்

(சென்னை, கோபாலபுரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கிராமங்களிலிருந்து புறப்பட்டு வந்து, பட்டணத்தின் நடுவே, இந்தக் கோபாலபுரத்தில் இன்று நாம் கூடியிருக்கிறோம். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு நாழிகை ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வில், அவ்வை சண்முகம் சாலை வழியே நடந்து கடைகளைப் பார்த்து வருமாறு உங்களை நாம் கேட்டுக்கொண்டோம். சிலர் சென்று வந்தீர்கள். என்ன கண்டீர்கள் என்று வினவியபோது ஒரு பெரியவர், "ஐயா, நம்மூர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற அதே சரக்குத்தான் இங்கேயும் தொங்குகிறது, இங்கே விளக்கு அதிகம், அவ்வளவுதான்" என்று விடை பகர்ந்தார். நமது சொற்பொழிவின் முதல் வாக்கியத்தை அவரே சொல்லிவிட்டார்.

ஆம். ஒரு காலத்தில் பட்டணத்துச் சரக்கு வேறு, பட்டிக்காட்டுச் சரக்கு வேறு என்று இருந்தது. இன்று அந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. இதற்கு வழி திறந்தவர்களுள் நமது கடலூர்க்காரரும் ஒருவர் என்பதை அறிவீர்களா? தலைக்கு இடும் ஷாம்பூவைச் சிறு பையில் அடைத்து, ஏழை எளியவரும் வாங்கத் தக்கதாய்ச் செய்த முன்னோடி, கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அவர்கள். அவர் குடும்பத்தினர் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பூ சிற்றூர்கள்தோறும் பரவிற்று. இது பாராட்டத்தக்க செயலே. வசதியுள்ளவர்க்கு மட்டும் உரியதாய் இருந்த பொருள் கூலி வேலை செய்யும் பெண்ணின் கைக்கும் எட்டிற்று. ஆனால் பொருளோடு கூட விளம்பரமும் வந்து சேர்ந்தது. பொருள் பையில் அடங்கிற்று. விளம்பரமோ எதிலும் அடங்கவில்லை.

ஆகவே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி எளியது: கடையில் விற்கும் பொருள், தான் சொல்லும் சொல்லைக் காப்பாற்றுகிறதா? இக்கேள்வியைக் கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. பணம் கொடுக்கிறவர் என்ற தகுதி ஒன்றே போதும்.

மூவகைச் சொற்கள்

விற்பவர் சொல்லும் சொற்களை நாம் மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். முதலாவது அளவைப் பற்றிய சொல்: இத்தனை கிராம், இத்தனை எண்ணிக்கை. இரண்டாவது உள்ளடக்கத்தைப் பற்றிய சொல்: இது சுத்தமான தேன், இது பழச்சாறு. மூன்றாவது பயனைப் பற்றிய சொல்: இதனை உண்டால் பிள்ளை வளரும், இதனைப் பூசினால் நிறம் கூடும். முதல் வகையைத் தராசு சோதிக்கும். இரண்டாவதைப் பரிசோதனைக் கூடம் சோதிக்கும். மூன்றாவதைச் சோதிக்கக் காலமும் ஒப்புநோக்கும் வேண்டும். பொய் சொல்ல மிக எளியது மூன்றாவது வகையே என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு. இதே சென்னையில், மணலிப் பகுதியில், 2021 டிசம்பரில் ஒருவர் தெருவில் திரியும் பிராணிகளுக்கு இடுவதற்காகச் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கோத்துப் பொட்டலங்களை வாங்கினார். மேலுறையில் 16 பிஸ்கோத்துகள் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே 15 இருந்தன. ஒரு பிஸ்கோத்தின் விலை 75 காசு. நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? எண்ணிப் பார்த்தாலும் 75 காசுக்காக யார் வழக்கு நடத்துவோம்? அவர் நடத்தினார். பிஸ்கோத்தை எண்ணிக்கையால் அன்று, எடையால்தான் விற்கிறோம் என்று நிறுவனம் வாதிட்டது. சரி, எடையைப் பார்ப்போம் என்று பார்த்தபோது, 76 கிராம் என்று குறித்திருந்த பொட்டலம் 74 கிராமே இருந்தது. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023 ஆகஸ்டில், வாங்கியவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாயும் தருமாறு உத்தரவிட்டது.

ஒரு பொட்டலத்தில் 75 காசு என்பது அற்பம். ஆனால் அவ்வகைப் பொட்டலம் நாளொன்றுக்கு எத்தனை லட்சம் விற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படியில் ஒரு பிடி குறைத்து அளக்கும் சந்தை வியாபாரியை நாம் கையும் களவுமாகப் பிடித்துச் சண்டையிடுகிறோம். அச்சடித்த பொட்டலத்தை மட்டும் ஏன் எடையிடாமல் நம்புகிறோம்? அச்சு என்றால் சத்தியம் என்று நமக்குள் ஒரு மயக்கம் இருக்கிறது. அதனை நாம் விட்டொழிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

இரண்டாவது உள்ளடக்கம். இங்கே சட்டம் நமக்கு ஒரு நல்ல துணை செய்திருக்கிறது. சொல்ல வேண்டியதைப் பொட்டலத்தின் மேலேயே சொல்லியாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். சிறிய எழுத்தில் இருப்பதே உண்மை. படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு சிறிய எழுத்தைப் படிக்கச் செய்யுங்கள்.

சோப்பை எடுத்துக்கொள்வோம். உறையின் பின்புறத்தில் டி.எஃப்.எம். என்ற மூன்று எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் நூற்றுக்கு எவ்வளவு என்பதை அந்த எண் காட்டுகிறது. இந்தியத் தரநிலையின்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76-க்குக் குறையக்கூடாது; இரண்டாந்தரத்தில் 70; மூன்றாந்தரத்தில் 60. அதற்கும் கீழே இருப்பவை சோப்பு என்ற பெயரில் வாரா. "குளியல் கட்டி" என்ற பெயரில் விற்கப்பெறுகின்றன. இரண்டும் ஒரே வடிவம், ஒரே மணம், பக்கத்துப் பக்கத்து அடுக்கு. நடிகையின் படத்தைப் பார்த்து வாங்குவோர்க்கு வேற்றுமை தெரியாது. எண்ணைப் பார்த்து வாங்குவோர்க்குத் தெரியும்.

பழ பானம் என்று விற்பதில் பழம் நூற்றுக்குப் பத்துப் பங்கு இருந்தாலே விதி நிறைவேறிவிடும். எஞ்சியது பெரும்பாலும் நீரும் சர்க்கரையுமே. சாற்றை வற்றச் செய்து பிறகு நீர் கூட்டி அடைத்துவிட்டு, "நூற்றுக்கு நூறு பழச்சாறு" என்று எழுதும் வழக்கமும் இருந்தது. 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் அவ்வாசகத்தை நீக்குமாறு ஆணையிட்டது. தேனைப் பற்றிய கதை இன்னும் சிக்கலானது. புது டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பெயர்களில் விற்கும் தேனைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. எடுத்த 22 மாதிரிகளுள் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 5 மட்டுமே என்று அது கூறிற்று. நிறுவனங்கள் அதனை மறுத்தன. நாட்டுச் சட்டம் கேட்கும் சோதனைகளில் தங்கள் தேன் தேறிவிட்டது என்றன. சட்டம் கேட்கும் சோதனையில் தேறுவது ஒன்று, உண்மையிலேயே கலப்பற்றிருப்பது வேறொன்று என்பதை அந்த விவாதம் நாட்டுக்கு உணர்த்திற்று. நம் ஊரில் தேனீ வளர்ப்போரின் வாழ்வும் இதில் அடங்கியிருக்கிறது. சர்க்கரைப் பாகு தேன் என்று மலிவாக விற்றால், உண்மைத் தேன் எடுப்பவர் எவ்விலைக்கு விற்பார்?

இவ்விடத்தில் நியாயமான ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பொருளின் மீது பழி சொல்வதற்கும் சோதனை வேண்டும். 2015 ஜூனில் மேகி நூடுல்சில் காரீயம் மிகுதியாக உள்ளது என்று நாடெங்கும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது; நமது தமிழ்நாட்டு அரசும் மூன்று மாதத் தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம், உரிய அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடங்களில் சோதனை நடைபெறவில்லை என்று கூறி மத்தியத் தடையை நீக்கி, மறுசோதனைக்கு உத்தரவிட்டது. மூன்று கூடங்களில் நடந்த மறுசோதனையில் காரீயம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. நவம்பரில் பொருள் கடைக்குத் திரும்பிற்று. ஆகவே விளம்பரத்தைக் கேட்டவுடன் நம்புவது எவ்வளவு தவறோ, வதந்தியைக் கேட்டவுடன் நம்புவதும் அவ்வளவே தவறு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்காகவே.

பயன் என்னும் மாயை

மூன்றாவது பயன். இங்கேதான் நமது ஏழைக் குடும்பங்களின் பணம் பெரும்பாலும் கரைகிறது.

சிவப்பழகுக் களிம்பை அறியாத கிராமம் இல்லை. 1975-ல் ஃபேர் அண்டு லவ்லி என்ற பெயரில் வந்தது, நாற்பத்தைந்து ஆண்டுகள் அப்பெயரிலேயே விற்றபின், 2020-ல் நிறம் வெளுத்தலைக் குறிக்கும் சொல்லை விட்டுவிட்டுக் குளோ அண்டு லவ்லி ஆயிற்று. ஆண்களுக்கென வந்த ஃபேர் அண்டு ஹேண்ட்சம் என்ற களிம்பை டெல்லியில் ஒருவர் 2013-ல் 79 ரூபாய் கொடுத்து வாங்கி, சொன்னபடி பூசி, நிறம் மாறவில்லை என்று வழக்குத் தொடுத்தார். களிம்பு மட்டும் போதாது, நல்ல உணவு, உடற்பயிற்சி முதலியனவும் வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. அப்படியானால் உறையின் மேல் ஏன் அதனை எழுதவில்லை என்று மன்றம் கேட்டது. 2024 டிசம்பரில் மாவட்ட நுகர்வோர் மன்றம், நுகர்வோர் நல நிதிக்கு 14.5 லட்சம் ரூபாயும், வாங்கியவருக்கு 50,000 ரூபாயும் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது. ஆயினும் அந்த ஒரு கேள்வியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். "வேறு என்னென்ன செய்தால்தான் இது பலிக்கும்?" என்பதே அக்கேள்வி.

நடிகர்கள் பரிந்துரைக்கிறார்களே என்பீர்கள். கேரளத்தில் தாத்ரி என்ற கூந்தல் தைலத்தை வாங்கி ஏமாந்த ஒருவர், நிறுவனத்தோடு விளம்பரத்தில் தோன்றிய நடிகரையும் சேர்த்து வழக்கிட்டார். விசாரணையில் அந்நடிகர், தாம் பயன்படுத்துவது தம் தாயார் காய்ச்சித் தரும் எண்ணெயையே என்று கூறினார். 2021 ஜனவரியில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றம் இருவருக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. "உலகிலேயே முதலாவது" என்று விளம்பரம் செய்த சென்சோடைன் பற்பசைக்கு 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மால்ட்டு மாவைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு சொல். "உயரம், வலிமை, கூர்மை" என்ற வாசகத்தோடு வந்த ஹார்லிக்ஸ் விளம்பரத்தை, அச்சொற்களுக்குப் போதிய சான்று அங்கே வைக்கப்படாமையால், 2008-ல் இங்கிலாந்தின் விளம்பரத் தரநிலை ஆணையம் அந்நாட்டில் மீண்டும் ஒளிபரப்பலாகாது என்று முடிவு செய்தது. நமது நாட்டில் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற வகையிலிருந்து நீக்குமாறு இணைய வழி வியாபார நிறுவனங்களுக்கு அறிவுறுத்திற்று. காரணம் யாதெனில், நமது உணவுச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. இத்தனை ஆண்டுகள் நாம் பணம் கொடுத்து வாங்கிய பெயருக்குச் சட்டத்தில் பொருளே இல்லை!

மாவு நஞ்சன்று, அவ்வாறு நாம் சொல்லவும் இல்லை. டப்பாவின் பின்புறத்தில் நூறு கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு நம் வயலில் விளையும் நிலக்கடலையை நினையுங்கள். அதில் நூறு கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 25 கிராம். பொட்டுக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம். கடலையை மூட்டையாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் டப்பாவை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் குடும்பத்தைக் காணும்போது நமது மனம் வருந்துகிறது.

ஒரு குழந்தையின் கதை

இவையெல்லாம் பணத்தோடு போகும் நட்டங்கள். பணத்தோடு போகாத ஒன்றை இப்போது சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் வீடுகளின் கட்டுமானப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை வாடிய கீரைத்தண்டு போல் படுத்திருந்தது. இரண்டு நாளாய் வயிற்றுப்போக்கு. தாய் கவலையற்றவள் அல்லள், அறியாதவளும் அல்லள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும் என்று செவிலியர் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெட்டிக்கடைக்கு ஓடி, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் பெரிதாக அச்சிட்ட இனிப்புப் பானத்தைத் தன் கூலிப் பணத்தில் வாங்கி வந்து, வேளைக்கு வேளை கொடுத்திருந்தாள். கொடுக்கக் கொடுக்கப் போக்கு மிகுந்தது. நமது வண்டியிலேயே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். அங்கே இலவசமாய்க் கிடைக்கும் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தனர். குழந்தை பிழைத்தது. மறுநாள் அந்தத் தாய் நம்மைப் பார்த்து, "எழுத்துக் கூட்டிப் பார்த்துத்தானே ஐயா வாங்கினேன்" என்றாள். அவளுக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

விடை இதுதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-ல் ஏற்றுக்கொண்ட கரைசலில், ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் இருக்க வேண்டும். சர்க்கரையும் உப்பும் அந்த அளவில் சேர்ந்தால்தான் குடல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை பன்மடங்கு மிகுந்தால், அச்சர்க்கரை உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை மிகுதிப்படுத்தும். அதாவது மருந்தின் பெயரைத் தாங்கிய பானம், நோயின் பக்கம் நின்று வேலை செய்கிறது.

இதனை எதிர்த்து ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அவர்கள் எட்டு ஆண்டுகள் தனியொருவராய்ப் போராடினார். 2022 ஏப்ரலில் தடை வந்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே, "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசல் அன்று" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தப்பட்டது. முன்புறத்தில் பெயர், ஓரத்தில் மறுப்பு! 2025 அக்டோபர் 14-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தளர்வையும் நீக்கி, உணவுப் பானம் எதன் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரலாகாது என்று ஆணையிட்டது. ஆணை பிறந்துவிட்டது, ஆனால் ஆணை கோபாலபுரத்துக்கு வரும் வேகத்தில் குக்கிராமத்துப் பெட்டிக்கடைக்கு வருவதில்லை. பழைய சரக்கு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, ஐயன்மீர், உங்கள் கடமை. ஊருக்குத் திரும்பியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியமாக இதனையே உங்களிடம் வேண்டிக்கொள்கிறோம்.

வயலுக்கு வரும் வாக்குறுதி

விவசாயிகளாகிய நீங்கள், "இவையெல்லாம் வீட்டுச் சரக்கு, எங்கள் சரக்கு வேறு" என்று நினைக்கலாம். விதையும் உரமும் மருந்தும் கூட நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் பொருள்களே. மேரி பிஸ்கோத்து குறைந்தால் ஒரு வாய் குறையும். விதை முளைக்காவிட்டால் ஓராண்டு குறையும்.

விதைச் சட்டம் 1966-ல் வந்தது. சான்று விதையின் மேல் நீல நிற அட்டை இருக்க வேண்டும். நெல் விதை நூற்றுக்கு 80-ம், உளுந்து 75-ம், நிலக்கடலை 70-ம் முளைக்க வேண்டும். இதனைச் சோதிக்கப் பட்டணத்துக்கு வர வேண்டியதில்லை. நூறு விதைகளை எண்ணி, ஈரத் துணியிலோ ஈரச் சாக்கிலோ வரிசையாய்ப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, உரிய நாள் கழித்து எண்ணினால் போதும். நம் பாட்டனார் செய்த வழக்கந்தான். பையின் மேல் அச்சு வந்தபின் நாம் அதனை மறந்தோம்.

விதை பொய்த்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2012 ஜனவரியில் அதனைத் தீர்த்து வைத்தது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று அது உறுதி செய்தது. சோதனைக்கென்று விதையில் ஒரு பகுதியை ஏன் எடுத்து வைக்கவில்லை என்று விற்றவர் கேட்டதற்கு, வாங்கிய விதை முழுவதையும் விதைப்பதே விவசாயியின் இயல்பு. முளைக்காது என்று முன்கூட்டியே அறிந்து அவர் மிச்சம் பிடித்து வைக்க வேண்டும் என எதிர்பார்க்கலாகாது என்றது. ஆயினும் ரசீதையும், பையையும், அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத வழக்கு வேர் இல்லாத நாற்று.

அடுத்து, "வளர்ச்சி ஊக்கி" என்று புட்டியில் வரும் திரவங்கள். இங்கே நமது தவற்றை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு விற்பனையாளர் நமது அலுவலகத் தாழ்வாரத்தில் விவசாயிகளைக் கூட்டி, தமது புட்டி விளைச்சலைப் பெருக்கும் என்று படங்காட்டிப் பேசினார். நாம் பக்கத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் நாம் அமர்ந்திருந்ததே நற்சான்று ஆகிவிட்டது. பலர் வாங்கினர். அவர்களுள் ஒரு விவசாயி மட்டும் தமது வயலில் நான்கு வரிசைகளைத் தெளிக்காமல் விட்டு, கயிறு கட்டி அடையாளமிட்டார். அறுவடையின்போது தெளித்த நான்கு வரிசைகளையும் தெளிக்காத நான்கையும் தனித்தனியே அடித்து அளந்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவர் நம்மிடம் வந்து சண்டையிடவில்லை. இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று முதல், சோதித்துப் பாராத எப்பொருளுக்கும் அலுவலகத் தாழ்வாரத்தை நாம் கொடுப்பதில்லை.

இத்தகைய ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்தது. தற்காலிக அனுமதியோடு விற்கும் காலம் 2025 ஜூன் 16-ல் முடிந்தது. முன்பு ஏறத்தாழ 30,000 பெயர்களில் கட்டுப்பாடின்றி விற்றவை, சோதனை கடுமையானபின் ஏறத்தாழ 650-ஆகக் குறைந்தன என்று மத்திய வேளாண் அமைச்சர் 2025 ஜூலையில் கூறினார். பொருளைச் சோதிக்கப் புகுந்தால் எத்தனை நிற்கும், எத்தனை உதிரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

செய்ய வேண்டியவை

குறை கூறிவிட்டு அமர்ந்துவிடுவது எளிது. சொல்லைக் காப்பாற்றும் பொருள்களும் நாட்டில் பல உள்ளன. அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைத்தது. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு பழைய அறுபது வாட் விளக்கின் ஒளியை ஏறத்தாழத் தருகிறது. மின்கட்டணமே அதற்குச் சாட்சி. சோதித்தால் நல்ல பொருளுக்கு நட்டமில்லை. அதற்கு அதுவே உண்மையான விளம்பரம்.

இங்கிருந்து இராயப்பேட்டையைக் கடந்தால் திருவல்லிக்கேணி. அங்கே 1904-ல் நடுத்தரக் குடும்பத்தார் சிலர், சரியான எடையும் கலப்பற்ற சரக்கும் வேண்டும் என்று தாங்களே கூடித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். கடைக்காரரை வைதுகொண்டிராமல் தராசைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர். அவர்கள் வழியில் நாமும் நான்கு காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது: ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் முத்திரையிட்ட நல்ல தராசு ஒன்று இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் தாம் வாங்கிய பொட்டலத்தை எடையிட்டுப் பார்க்கலாம் என்று பலகை எழுதி வையுங்கள்.

இரண்டாவது: மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பொருளின் பெயர், சொன்ன சொல், கண்ட பயன் என்று மூன்று கட்டமிட்டு எழுதி வரட்டும். தேயிலையையோ சோப்புத் தூளையோ ஒப்பிடும்போது பெயரை மறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கும் கண்ணும் பட்சபாதம் காட்டும்.

மூன்றாவது: புதிய மருந்தோ ஊக்கியோ வாங்கினால், நான்கு வரிசை தெளிக்காமல் விடுவதை ஊரின் வழக்கமாக்குங்கள்.

நான்காவது: கிராம சபையில் இந்நோட்டுப் புத்தகத்தைப் படியுங்கள். குறை உறுதியானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். உணவில் ஐயமிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவியுங்கள். மாதிரியைச் சோதிக்கக் கிண்டி, தஞ்சை, மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இன்றி நீங்களே நின்று பேசலாம். 1986-ல் பிறந்து 2019-ல் புதுப்பிக்கப்பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை இது. பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு வரிசைக் கயிறு, இவை போதும்.

"எழுத்துக் கூட்டிப் பார்த்துத்தானே வாங்கினேன்" என்று அந்தத் தாய் கேட்ட கேள்வி இன்னும் நமது காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. படிக்கச் சொல்லிக் கொடுத்தோம். எதனை நம்பலாம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அக்குறையைத் தீர்ப்பது அலுவலகத்தில் இருக்கும் நமக்கும், ஊரில் இருக்கும் உங்களுக்கும் பொதுவான கடன். இங்கிருந்து ஊர் திரும்பியதும், உங்கள் தெருப் பெட்டிக்கடையில் தொங்கும் சரக்குகளுள் ஒன்றையேனும் கையில் எடுத்து, அதன் பின்புறத்துச் சிறு எழுத்தைப் படித்துப் பாருங்கள். நாம் இத்தனை நேரம் பேசியது அன்றுதான் பயன் தந்ததாகும்.